அமெரிக்க அரசு நிதியுள்ள கூட்டாய்வில் சேர நம் ஊர்க் கல்லூரி ஆசிரியருக்கும் ஆய்வுப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயமா?

முட்டம் கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றுகிறேன். முட்டம் தொடங்கி மணவாளக்குறிச்சி, குளச்சல் வழியாக மிடாலம் வரையுள்ள கடற்கரை மணலின் கனிமக் கூறுகளையும் இயற்கைக் கதிரியக்கத்தையும் அளப்பது எங்கள் ஆய்வுக் குழுவின் பணி. ஒன்றிய அரசின் நிதியில் ஒரு சிறு திட்டமும் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர், மணலிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் முறை குறித்து அந்நாட்டு எரிசக்தித் துறையிடம் நிதி கேட்டு விண்ணப்பிக்கவிருக்கிறார். அதில் என்னை இணை ஆய்வாளராகச் சேர்க்க விரும்புகிறார். கடந்த வாரம் அவருடைய பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆய்வுப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்றும், எனக்குள்ள எல்லாப் பதவிகளையும் எல்லா நிதி ஆதாரங்களையும், அவை எந்த நாட்டைச் சேர்ந்தவையாயினும், படிவத்தில் எழுத வேண்டும் என்றும் அதில் கேட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. இந்தியக் கல்லூரியில் ஊதியம் பெறும் எனக்கு அந்நாட்டுச் சட்டம் எப்படிப் பொருந்தும்? என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவியும் இந்தப் பயிற்சியை முடிக்க வேண்டுமா? சில ஆண்டுகளுக்கு முன் சீனப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவித்தொகையுடன் சில மாதங்கள் வருகை ஆய்வாளராக இருந்தேன். அதை எழுதினால் விண்ணப்பமே தள்ளுபடியாகிவிடும், விட்டுவிடுங்கள் என்று துறையில் ஒருவர் அறிவுறுத்துகிறார். எங்கள் கல்லூரியில் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தனி அலுவலகம் எதுவும் இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

திற்பரப்பு

அம்மா, வணக்கம். நான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வாளராக இருக்கிறேன். இப்பயிற்சியை முடித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஆய்வுப் பாதுகாப்பு என்று இங்கு சொல்வது ஆய்வக விபத்துத் தடுப்பை அன்று; ஆய்வின் அறிவும் தரவும் முறையற்ற வழியில் பிற நாடுகளுக்குச் செல்லாமல் காப்பதை. நிபந்தனை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொன்னால் மற்றவை தாமே விளங்கும்.

2021 ஜனவரியில் அன்றைய அமெரிக்க அதிபர், அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளின் பாதுகாப்பு குறித்து ஒரு தேசியப் பாதுகாப்பு ஆணையைப் பிறப்பித்தார். அடுத்து 2022 ஆகஸ்ட் 9 அன்று கையெழுத்தான 'சிப்ஸ் மற்றும் அறிவியல் சட்டம்', அரசு முகமைகளிடம் ஆய்வு நிதி கேட்கும் விண்ணப்பங்களில் முக்கியப் பங்காற்றுபவராகப் பெயர் குறிக்கப்படும் ஒவ்வொருவரும் ஆய்வுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. விண்ணப்பம் அளிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குள் பயிற்சி முடிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எரிசக்தித் துறை இதை 2025 மே 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளை உள்ளிட்ட பிற முகமைகளும் தத்தம் நாளைக் குறித்து இதே வழியில் வருகின்றன.

ஆகவே, தாங்கள் எந்த நாட்டில் ஊதியம் பெறுகிறீர்கள் என்பதைவிட, அந்த விண்ணப்பத்தில் தங்கள் பெயர் எந்த நிலையில் இடம்பெறுகிறது என்பதே இங்கு முக்கியம். ஆய்வின் வடிவமைப்பிலோ செயல்பாட்டிலோ கருத்தளவில் முக்கியப் பங்காற்றுபவராகத் தங்களைப் பட்டியலிட்டால் பயிற்சி தேவை. இணை ஆய்வாளர் என்பது பெரும்பாலும் அந்த நிலைதான். தங்கள் மாணவி பெயர் குறிக்கப்படாத ஆய்வு உதவியாளராக மட்டும் இருந்தால் பொதுவாக இந்த நிபந்தனை அவரைத் தொடாது. ஆயினும் எவர் எந்தப் பட்டியலில் வருகிறார் என்பதை முடிவு செய்வது விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகமும் நிதியளிக்கும் முகமையுமே என்பதால், இரண்டு பேருக்கும் என்ன நிலை என்று அந்த அலுவலகத்திடமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துடன் உறுதிமொழி அளிக்கப்போவது அவர்கள். ஆகவே பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு.

பயிற்சியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தேசிய அறிவியல் அறக்கட்டளை பிற முகமைகளுடன் சேர்ந்து 2024 ஜனவரியில் நான்கு பாடப் பகுதிகளை வெளியிட்டது. ஆய்வுப் பாதுகாப்பு என்றால் என்ன, எவற்றை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும், இடர்களை எப்படிக் கண்டறிந்து குறைப்பது, பன்னாட்டுக் கூட்டாய்வை எப்படி நடத்துவது என்பவை அவற்றின் பொருள். பின்னர் நான்கையும் சுருக்கி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய ஒரே பாடமாகவும் தந்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, இணையத்தில் எந்த நாட்டிலிருந்தும் படிக்கலாம். எந்தப் பாடத்தின் சான்றிதழை ஏற்பார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில பல்கலைக்கழகங்கள் தமக்கென்று வேறு பாடம் வைத்திருக்கின்றன.

வேறொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஆண்டுக்கு 5 கோடி டாலருக்கு மேல் அரசு ஆய்வு நிதி பெறும் நிறுவனங்கள் முழுமையான ஆய்வுப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று தனியாக ஒரு விதி இருக்கிறது. இணையத்தில் தேடும்போது அதுவும் இதுவும் கலந்தே கண்ணில் படும். அது அங்குள்ள பெரிய நிறுவனங்களுக்கானது; தங்கள் கல்லூரி அதற்காக எதையும் அமைக்க வேண்டியதில்லை.

இனி சீனப் பல்கலைக்கழகம் பற்றிய கேள்வி. பயிற்சியைவிட இதுவே தங்களுக்கு முக்கியமானது என்று கருதுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 'தீங்கான வெளிநாட்டுத் திறனாளர் சேர்ப்புத் திட்டம்' என்று அந்தச் சட்டம் ஒன்றை வரையறுக்கிறது. அத்தகைய திட்டத்தில் இருப்பவர் அரசு நிதி ஆய்வில் முக்கியப் பங்காற்ற இயலாது. இருக்கவில்லை என்று ஒவ்வொருவரும் உறுதியளிக்க வேண்டும். ஆனால் சீனாவுடன் தொடர்பு இருந்தது என்பதாலேயே எதுவும் அந்த வரையறைக்குள் வந்துவிடாது. உரிமை இல்லாமல் அறிவுசார் சொத்தை மாற்றித் தருவது, பிற ஆய்வாளர்களை அத்திட்டத்துக்குச் சேர்த்துவிடுவது, ஒப்பந்தம் இருப்பதையே தாய் நிறுவனத்திடம் மறைப்பது, வெளியேற முடியாத வகையில் கட்டுப்படுத்துவது போன்ற நிபந்தனைகளுக்கு ஈடாகப் பணமோ பதவியோ தரப்படும் ஏற்பாடுகளே அதில் பேசப்படுகின்றன. மாநாட்டில் கட்டுரை படிப்பதும், கூட்டாகக் கட்டுரை வெளியிடுவதும், வெளிப்படையான கல்விப் பரிமாற்றமும் அதில் சேரா. தங்களிடம் அன்றைய அழைப்புக் கடிதமும் உதவித்தொகை ஒப்பந்தமும் இருக்குமானால் எடுத்துப் படித்துப் பாருங்கள். இத்தகைய நிபந்தனை எதுவும் இல்லையென்றால், முடிந்துபோன அந்த வருகை அந்த வரையறையில் வராது.

படிவம் கேட்கும் கால எல்லைக்குள் அந்தப் பதவி வருமானால், ஊதியம் பெற்றதாயினும் மதிப்புறு பதவியாயினும், கட்டாயம் எழுதுங்கள். விட்டுவிடச் சொல்பவரின் அறிவுரையை ஏற்காதீர்கள். ஹார்வர்டு வேதியியல் பேராசிரியர் சார்லஸ் லீபர் 2021 டிசம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது, வெளிநாட்டிலுள்ள ஆய்வாளர்களை ஈர்க்கும் சீனாவின் 'ஆயிரம் திறனாளர்' திட்டத்துடன் தமக்கிருந்த தொடர்பு பற்றி அரசு விசாரணையாளர்களிடம் பொய் சொன்னதற்கும், அங்கு பெற்ற வருவாயையும் வங்கிக் கணக்கையும் வரித் துறைக்குக் காட்டாததற்கும். சீனப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஆய்வு செய்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு அன்று.

பத்மநாபபுரம்

திற்பரப்பு அவர்கள் எழுதியவை சரியான தகவல்கள். எனினும் இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் கேள்வி கேட்டவர் அறிந்திருக்க வேண்டும். சீனாவுக்காக நடக்கும் உளவையும் தொழில்நுட்பத் திருட்டையும் பிடிக்க 2018இல் அமெரிக்க நீதித் துறை தொடங்கிய 'சீன முனைவு' என்ற நடவடிக்கையில் சீன மரபினரான பேராசிரியர்கள் பலர் வழக்குகளில் சிக்கினார்கள். டென்னசி பல்கலைக்கழகத்தின் அன்மிங் ஹூ கைதாகி, வேலையை இழந்து, 2021 செப்டம்பரில் விடுவிக்கப்பட்டார். எம்.ஐ.டி. பேராசிரியர் காங் சென் மீதான வழக்கை 2022 ஜனவரியில் அரசே திரும்பப் பெற்றது. அடுத்த மாதமே அந்த முனைவும் முடித்துக்கொள்ளப்பட்டது. குற்றமற்றவர்கள் இழந்த ஆண்டுகளை எவராலும் திருப்பித் தர இயலாது.

இனத்தையோ பூர்வீக நாட்டையோ வைத்து எவரையும் வேறுபடுத்தக் கூடாது என்று புதிய சட்டத்திலேயே எழுதியிருப்பதும், பயிற்சியும் படிவங்களும் எல்லா நாட்டினருக்கும் ஒன்றாக இருப்பதும் இந்தக் கசப்பான பாடத்துக்குப் பிறகு வந்தவை என்பது என் கருத்து. முன்பு ஒவ்வொரு முகமையும் ஒவ்வொரு விதமாகக் கேட்டது; எதை எழுத வேண்டும், எதை எழுதத் தேவையில்லை என்பதே பலருக்குத் தெளிவில்லாமல் இருந்தது. அந்தத் தெளிவின்மையில்தான் நேர்மையானவர்களும் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே பயிற்சியை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஐயத்தோடு நோக்கப்படும் உணர்வு ஓர் ஆய்வாளருக்கு எழுவது இயல்பு. அதைக் கேலி செய்யவோ தள்ளிவிடவோ கூடாது.

பிற நாடுகளும் இதே பாதையில்தான் செல்கின்றன. பிரிட்டனில் குறிப்பிட்ட தொழில்நுட்பத் துறைகளில் மேற்படிப்போ ஆய்வோ செய்யச் செல்லும் இந்திய மாணவர் விசாவுக்கு முன்பே 'ஏடாஸ்' என்னும் பாதுகாப்பு அனுமதிச் சான்றிதழ் பெற வேண்டும். கனடா 2024 ஜனவரியில், நுண்ணுணர்வுத் தொழில்நுட்பத் துறைகளில் அரசு நிதி கேட்பவர்கள், அந்நாட்டு அரசு பட்டியலிட்ட சில வெளிநாட்டு நிறுவனங்களுடன் தொடர்பில் இல்லை என்று உறுதியளிக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. நம் மாவட்டத்திலிருந்து மேற்படிப்புக்குச் செல்ல எண்ணும் பிள்ளைகளுக்கு இவற்றை இளநிலை வகுப்பிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

வேளிமலை

வணக்கம் அம்மா. நான் ஓய்வுபெற்ற பேராசிரியர். பல ஆண்டுகள் கல்லூரியில் ஆய்வுத் திட்டங்களின் கணக்கையும் அனுமதிகளையும் கவனித்தவன். மேலே உள்ள இரு பதில்களும் அமெரிக்கப் பக்கத்தைச் சொல்லின. எனக்குக் கவலை தருவது நம் பக்கம். அந்த ஒரு மணி நேரப் பயிற்சியின் சான்றிதழைப் பெற்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தங்கள் ஆய்வுப் பொருள் மணவாளக்குறிச்சி மணல். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட் ஆகியவற்றோடு அதில் மோனசைட்டும் இருக்கிறது. மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் மட்டுமல்லாமல் கதிரியக்கத் தனிமமான தோரியமும் உண்டு. இந்திய மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். ஆகவே அது இந்திய அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப அணுசக்தித் துறையின் அனுமதி வேண்டும். 'ஸ்கோமெட்' எனப்படும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் முதல் வகையே அணுசக்தி சார்ந்த பொருள்களும் தொழில்நுட்பமும்தான். அதில் பொருளோடு தொழில்நுட்பமும் சேர்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆய்வகத்துக்கு ஒரு கைப்பிடி மணல்தானே என்று கூரியரில் அனுப்பிவிடுவதும், பிரித்தெடுக்கும் முறையின் விவரங்களை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவதும் சட்டத்தின் முன் எளிய செயல்கள் ஆகிவிடமாட்டா. அமெரிக்கப் பேராசிரியர் மாதிரி கேட்பார்; நல்ல எண்ணத்தோடுதான் கேட்பார். அவருக்கு நம் சட்டம் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் தாங்களே.

இது நம் கரைக்குப் புதிய கதையும் அன்று. 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். எரிவாயு விளக்கில் ஒளிரும் வலையான மேண்டிலுக்குத் தோரியம் பெரிதும் தேவைப்பட்ட காலம் அது. அதன் பிறகுதான் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. கயிறு விற்றவர்களுக்கு அந்த மணலின் மதிப்பு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தங்களுக்கு நன்றாகவே தெரியும்; ஆகவே பொறுப்பும் கூடுதல்.

அடுத்தது பணம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் தான் பெற்ற நிதியிலிருந்து ஒரு பங்கைத் தங்கள் கல்லூரிக்குத் துணை நல்கையாக அனுப்பினால், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 குறுக்கே வரும். கல்லூரிக்கோ அதை நடத்தும் அறக்கட்டளைக்கோ அச்சட்டப்படி பதிவு அல்லது முன் அனுமதி இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அத்தொகை புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் குறிப்பிட்ட கணக்கில்தான் வந்து சேர வேண்டும். வந்த தொகையை வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தரவும் கூடாது. பக்கத்துக் கல்லூரியில் உள்ள கருவியைப் பயன்படுத்திக்கொண்டு அவர்களுக்குப் பங்கு கொடுத்துவிடலாம் என்று திட்டத்தில் எழுதிவிட்டுப் பின்னர் தவிப்பவர்கள் உண்டு. தாளாளரிடமும் தணிக்கையாளரிடமும் விண்ணப்பம் போவதற்கு முன்பே கலந்து பேசுங்கள்.

மூன்றாவதாக, ஒன்றிய அரசின் திட்டத்தில் வாங்கிய கருவியையும் அதில் பெற்ற தரவையும் இந்தக் கூட்டாய்வில் பயன்படுத்துவதாக இருந்தால், அந்த நிதி ஆணையின் விதிகளைப் படித்துவிட்டு, நிதியளித்த அமைப்புக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அமெரிக்கப் படிவத்தில் அந்தத் திட்டத்தை நிதி ஆதாரமாக எழுத வேண்டும் என்பதால், இரண்டு பக்கமும் ஒரே விவரம் இருப்பது தங்களுக்கே பாதுகாப்பு. இங்கு ஒன்றும் அங்கு ஒன்றுமாக எழுதியிருப்பதுதான் பிற்காலத்தில் கேள்வியாக வந்து நிற்கும்.

இந்தத் திரியைப் படிக்கும் உயிரியல் துறையினருக்கு ஒரு சொல். கடற்பாசி, மீன், மருத்துவச் செடி போன்றவற்றில் வெளிநாட்டவருடன் சேர்ந்து ஆய்வு செய்வோர் உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002ஐப் பார்க்க வேண்டும்; அதற்குரிய தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது. உடல்நல ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழு அனுமதி உண்டு.

பார்வதிபுரம்

நான் கல்லூரி ஒன்றின் கணினிப் பிரிவில் பணிபுரிபவன். ஆய்வுப் பாதுகாப்பு என்ற பெயரில் இங்கு பேசப்பட்டவை பெரும்பாலும் படிவங்களும் சட்டங்களும். அந்தப் பயிற்சியில் வரும் இணையப் பாதுகாப்புப் பகுதியைச் சான்றிதழுக்காக வேகமாகத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் கல்லூரிகளில் ஆய்வுத் தரவு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலிலும், மாணவர்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் பென் டிரைவிலும், ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் அறிந்த ஆய்வகக் கணினியிலும்தான் இருக்கிறது. படிப்பு முடித்துச் சென்ற மாணவரின் கணக்கு பல ஆண்டுகள் திறந்தே கிடக்கும்.

தங்கள் குழு இந்தத் திட்டத்துக்கென்று கல்லூரியின் பெயரிலான மின்னஞ்சலை மட்டும் பயன்படுத்தட்டும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவையுங்கள். எவர் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதை எழுதிவைத்து, ஒருவர் விலகும் நாளிலேயே அவருடைய அனுமதியை நீக்குங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு எல்லாத் தரவும் உள்ள மடிக்கணினியை எடுத்துச் செல்ல வேண்டாம். அளவீடு செய்த இடங்களின் துல்லியமான அமைவிடத் தரவும் தோரிய அளவும் ஒரே கோப்பில் இருப்பது உங்கள் ஆய்வில் இயல்பு. அந்தக் கோப்பு எவரெவரிடம் இருக்கிறது என்று இன்று கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும்.

முட்டம் கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சீனப் பல்கலைக்கழகத்தின் அழைப்புக் கடிதத்தையும் உதவித்தொகைக் கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். கருத்தரங்குகளில் பங்கேற்பதும் கூட்டாகக் கட்டுரை எழுதுவதும் தவிர வேறு நிபந்தனை அதில் இல்லை. எங்கள் கல்லூரி அன்று அளித்த விடுப்பு ஆணையும் இருக்கிறது. சீன வருகையை மறைக்காமல், இந்த ஆவணங்களின் நகலோடு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்துவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

வேளிமலை ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. மணல் மாதிரியை அனுப்பாமல், அளவீட்டு முடிவுகளை மட்டும் பகிர்ந்துகொள்ளும் வகையில் திட்டத்தை மாற்றி எழுதினால் அனுமதிச் சிக்கல் நீங்குமா?

வேளிமலை

பெருமளவு குறையும் அம்மா. ஆனால் முழுவதும் நீங்கிவிட்டது என்று தாங்களாகவே முடிவு செய்ய வேண்டாம். ஏற்கெனவே இதழ்களில் வெளியான அளவீடுகளைப் பகிர்வதற்கும், வெளியிடப்படாத தரவையோ பிரித்தெடுக்கும் செய்முறையையோ பகிர்வதற்கும் வேறுபாடு உண்டு. மாதிரி சார்ந்த வேலை முழுவதையும் இங்குள்ள ஆய்வகத்திலேயே செய்வதாகவும், அமெரிக்கக் குழு தன் நாட்டில் கிடைக்கும் மணலையோ செயற்கையாகத் தயாரித்த கலவையையோ பயன்படுத்துவதாகவும் திட்டத்தை அமைத்துக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் அது எளிது. தரவுப் பகிர்வு பற்றி ஒரு பக்க அளவில் எழுதி, முதல்வரின் கையெழுத்துடன் அணுசக்தித் துறைக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வரும்வரை வெளியிடப்படாத எதையும் பகிர வேண்டாம். விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கிவிட்டால், இந்திய அரசின் அனுமதிக்கு உட்பட்டே தரவு பகிரப்படும் என்ற வரியைத் திட்ட விளக்கத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

திற்பரப்பு

ஐயா சொல்லும் அந்த வரியைச் சேர்ப்பதில் இங்கு எவருக்கும் மறுப்பு இருக்காது. பன்னாட்டுக் கூட்டாய்வுத் திட்டங்களில் இத்தகைய நிபந்தனை இடம்பெறுவது வழக்கமே. பயிற்சியை விண்ணப்ப நாளுக்கு மிகவும் முன்னதாக முடித்துவிட வேண்டாம். நாள் தள்ளிப்போனால் 12 மாதக் கெடு கடந்து மீண்டும் படிக்க நேரும். சான்றிதழில் உள்ள பெயர் ஆய்வாளர்களுக்குத் தனி அடையாள எண் தரும் ஆர்க்கிட் தளத்தில் தங்கள் கணக்கிலும் படிவத்திலும் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் எழுதும் நம் வழக்கத்தால் இங்குள்ள அலுவலகங்கள் இருவேறு ஆட்கள் என்று கருதித் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன்.